தாக்குதல் வழக்கு: குற்றஞ்சாட்டுபவர் யார்? கைவிடக்கூடியவர் யார்?

(க.பொ.த. சாதாரண தரம் – குடியியற் கல்வி – விளக்கக் கட்டுரை)



நீதித்துறை பற்றிய அலகைக் கற்பித்து முடித்த ஒரு நாள், மற்றவர்கள் சென்ற பின்னர் மாணவி ஒருத்தி மட்டும் வகுப்பில் நின்றாள். "சேர், அண்ணாவுக்கு அடிச்சவையின்ர ஆக்கள் வீட்டை வந்து நிக்கினம். கேஸ் வேண்டாம் எண்டு எழுதின கடிதத்தில அம்மாவைக் கையெழுத்து வைக்கச் சொல்லினம். அம்மா வைச்சால் கேஸ் முடிஞ்சிடுமா?" என்று கேட்டாள்.

காணி எல்லையில் ஏற்பட்ட தகராறு அது. 23 வயதான அண்ணனை மண்வெட்டிப் பிடியால் அடித்ததில் கை எலும்பு முறிந்திருந்தது. பொலிஸார் நீதவான் நீதிமன்றத்தில் வழக்குத் தாக்கல் செய்திருந்தனர்.

அவளுடைய கேள்விக்கு "ஆம்" என்றோ "இல்லை" என்றோ ஒரே சொல்லில் விடை கூற முடியாது. ஆனால் சட்டத்தில் அதற்குத் தெளிவான விடை உண்டு. அந்த விடையைப் படிப்படியாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பரீட்சைக்கு மட்டுமன்றி, உங்கள் வீட்டு வாசலில் இப்படியொரு கடிதம் வந்தாலும் இது பயன்படும்.

1. குற்றம் யாருக்கு எதிரானது?

வழக்குகள் குடியியல் வழக்கு, குற்றவியல் வழக்கு என இருவகைப்படும் என்பதை நீங்கள் அறிவீர்கள். இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டிலேயே நமது கேள்வியின் விடை தங்கியுள்ளது.

'அ' என்பவர் 'ஆ' என்பவரிடம் பெற்ற கடனைத் திருப்பிக் கொடுக்கவில்லை எனக் கொள்வோம். இது இருவருக்கிடையிலான பிணக்கு. 'ஆ' விரும்பினால் வழக்குத் தொடரலாம்; விரும்பினால் கடனையே மன்னித்து விடலாம். அரசு அதில் தலையிடாது. இது குடியியல் விடயமாகும்.

அதே 'அ', 'ஆ'வைத் தடியால் அடித்தார் எனக் கொள்வோம். வலி 'ஆ'வுக்குத்தான். ஆனால் இன்று 'ஆ'வை அடித்தவர் நாளை இன்னொருவரையும் அடிக்கலாம். தெருவில் அச்சமின்றி நடமாட வேண்டிய எல்லோருடைய பாதுகாப்பும் அதனால் பாதிக்கப்படுகின்றது. ஆகவே சட்டம் அதனைச் சமூகம் முழுவதற்கும் எதிரான தவறாகக் கருதுகின்றது. சமூகத்தின் சார்பில் வழக்கை நடத்துவது பெரும்பாலும் அரசாகும்.

இதிலிருந்து பெறப்படும் அடிப்படைக் கருத்து யாதெனில், குற்றவியல் வழக்கில் பாதிக்கப்பட்டவர் முறைப்பாட்டாளராகவும் முக்கிய சாட்சியாகவும் இருக்கின்றார். ஆனால் அவர் வழக்கின் உரிமையாளர் அல்லர். வழக்கைத் தொடங்கி வைக்கும் கதவை அவர் திறக்கலாம். திறந்த கதவைத் தாம் விரும்பியபோது தனியே மூடிவிட அவரால் முடியாது.

2. சட்டத்தின் பார்வையில் தாக்குதல்

பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் "அடிதடி" என்கிறோம். 1883 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவை இதனைப் பல குற்றங்களாகப் பிரிக்கின்றது. அவற்றுள் முக்கியமானவை வருமாறு:

• தாக்க முற்படுதல் (342 ஆம் பிரிவு): உடலைத் தொடாமலேயே, அடிக்கப் போகிறார் என்ற அச்சத்தை மற்றவருக்கு ஏற்படுத்தும் சைகை அல்லது ஆயத்தம். உ+ம்: கையை முறுக்கி ஓங்குதல். வெறும் சொற்கள் மட்டும் இக்குற்றமாகமாட்டா. தண்டனை 3 மாதம் வரையான சிறை அல்லது தண்டப்பணம் அல்லது இரண்டும்.

• சாதாரண காயம் விளைவித்தல் (314 ஆம் பிரிவு): உடல் வலியை, நோயை அல்லது பலவீனத்தை வேண்டுமென்றே ஏற்படுத்துதல். 1 வருடம் வரை சிறை விதிக்கப்படலாம்.

• ஆபத்தான ஆயுதத்தால் காயம் விளைவித்தல் (315 ஆம் பிரிவு): 3 வருடம் வரை சிறை விதிக்கப்படலாம்.

• பாரதூரமான காயம் விளைவித்தல் (316 ஆம் பிரிவு): 7 வருடம் வரை சிறை விதிக்கப்படலாம். ஆபத்தான ஆயுதத்தைப் பயன்படுத்தியிருந்தால் (317 ஆம் பிரிவு) 10 வருடம் வரை செல்லலாம்.

• கொலை முயற்சி (300 ஆம் பிரிவு): மேல் நீதிமன்றத்தில் விசாரிக்கப்படும் பெருங்குற்றம்.

பாரதூரமான காயம் எது என்பதை 311 ஆம் பிரிவு பட்டியலிடுகின்றது. கண் பார்வை அல்லது செவிப்புலன் நிரந்தரமாக இழக்கப்படுதல், முகம் நிரந்தரமாக உருக்குலைதல், எலும்பு அல்லது பல் முறிதல், உயிருக்கு ஆபத்து ஏற்படுதல், 20 நாட்களுக்குக் கடும் வலியால் துன்புறுதல் அல்லது வழமையான அலுவல்களைச் செய்ய முடியாதிருத்தல் என்பன அவற்றுட் சிலவாகும்.

கவனத்திற் கொள்க: காயம் எந்த வகைக்குள் அடங்கும் என்பதைத் தீர்மானிக்க உதவுவது சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கையாகும். ஆகவே அடிபட்டவர் வீட்டிலேயே எண்ணெய் பூசிக்கொண்டு இருந்துவிடாமல், அரசாங்க வைத்தியசாலைக்குச் சென்று, காயம் எவ்வாறு ஏற்பட்டது என்பதை உண்மையாகக் கூற வேண்டும். "விழுந்திட்டன்" என்று வைத்தியசாலையில் கூறிவிட்டு, ஒரு மாதத்தின் பின் "அடிச்சவை" என்று பொலிஸில் கூறினால், வழக்கு அங்கேயே பலவீனமடைந்துவிடும்.

3. முறைப்பாடு வேறு, வழக்கு வேறு

மாணவர்களின் விடைகளில் மிகுதியாகக் காணப்படும் குழப்பம் இதுவே. "பாதிக்கப்பட்டவர் பொலிஸில் வழக்குப் போட்டார்" என எழுதுகின்றனர். பொலிஸ் நிலையத்தில் செய்யப்படுவது முறைப்பாடு மட்டுமே. வழக்கு என்பது நீதிமன்றத்தில் தொடங்குவது.

முறைப்பாடு செய்யக்கூடியவர் யார்? குற்றம் பற்றி அறிந்த எவரும் செய்யலாம். அடிபட்டவரேதான் போக வேண்டும் என்பதில்லை. கண்டவர், உறவினர், அயலவர், ஆசிரியர் யாரும் தகவல் கொடுக்கலாம். 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109 ஆம் பிரிவின்படி, தகவலை வாய்மொழியாகவோ எழுத்திலோ கொடுக்கலாம். வாய்மொழியாகக் கொடுத்தால் அதனைப் பொலிஸ் அதிகாரி எழுதி, கொடுத்தவருக்கு வாசித்துக் காட்டிக் கையொப்பம் பெற வேண்டும்.

இங்கே தமிழ் பேசும் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சிங்களமும் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழிகள். அரச அலுவலர்களுடன் தமிழில் தொடர்பாடும் உரிமையை அரசியலமைப்பு வழங்குகின்றது. உங்களுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில், அதன் பொருளைக் கேட்டு விளங்கிக்கொள்ளாமல் கையொப்பமிட வேண்டாம். பின்னர் நீதிமன்றத்தில், "நான் அப்படிச் சொல்லவில்லை" என்பதை நிறுவுவது எளிதன்று.

பொலிஸ் நிலையத்தில் முறைப்பாட்டை ஏற்க மறுத்தால் உயர் பொலிஸ் அதிகாரிகளிடமோ தேசிய பொலிஸ் ஆணைக்குழுவிடமோ அறிவிக்கலாம். அவசர வேளையில் பொலிஸ் தொலைபேசி இலக்கம் 119. சிறுவர் தொடர்பான முறைப்பாடுகளுக்கு தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 ஆம் இலக்கம் உள்ளது. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938 ஆகும்.

4. நீதிமன்றத்தில் வழக்கைத் தொடங்கக்கூடியவர்கள்

நீதவான் நீதிமன்றத்தில் வழக்குத் தொடங்கும் வழிகளைச் சட்டக்கோவையின் 136 ஆம் பிரிவு கூறுகின்றது. அவற்றுள் தாக்குதல் வழக்குகளில் முக்கியமானவற்றையும், மேல் நீதிமன்றத்துக்குரிய வழியையும் இங்கு பார்ப்போம்.

(அ) பொலிஸார்
மிகப் பெரும்பாலான தாக்குதல் வழக்குகள் இவ்வழியாகவே வருகின்றன. பொலிஸார் விசாரணை செய்து, சாட்சியம் போதுமானதாக இருப்பின், எழுத்து மூலமான அறிக்கையை நீதவானுக்குச் சமர்ப்பிப்பர். இங்கு வழக்குத் தொடுநர் பொலிஸாரே. பாதிக்கப்பட்டவர் சாட்சியாவார்.

(ஆ) பாதிக்கப்பட்டவர் அல்லது வேறொரு தனியாள்
பொலிஸார் வழக்குத் தொடராவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டது என எண்ண வேண்டாம். தனியாள் ஒருவர் நேரடியாக நீதவானிடம் முறையிடலாம். இது தனியார் முறைப்பாட்டு வழக்கு எனப்படும். எழுத்து மூலமாயின், சட்டத்தரணி ஒருவர் அதனைத் தயாரித்து ஒப்பமிட, முறைப்பாட்டாளரும் கையொப்பமிட வேண்டும். சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர்கள் 1978 ஆம் ஆண்டில் சட்டத்தால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

(இ) நீதவான்
குற்றம் நடந்ததை நீதவான் தாமே அறிந்திருந்தாலோ சந்தேகித்தாலோ நடவடிக்கையைத் தொடங்கலாம். அவ்வாறாயின், வேறொரு நீதிமன்றத்தில் விசாரிக்கப்படும் உரிமை எதிரிக்கு உண்டு என்பதை முன்கூட்டியே அவருக்குத் தெரிவிக்க வேண்டும். தாமே குற்றஞ்சாட்டித் தாமே தீர்ப்பளிப்பது நியாயமன்று என்ற கொள்கையே இதற்குக் காரணமாகும்.

(ஈ) சட்டமா அதிபர்
கொலை முயற்சி போன்ற பாரதூரமான குற்றங்களில், மேல் நீதிமன்றத்தில் குற்றப் பகர்வுப் பத்திரம் தாக்கல் செய்பவர் சட்டமா அதிபர். பொலிஸார் திரட்டிய விசாரணைக் குறிப்புகளை அவருடைய திணைக்களம் ஆராயும். என்ன குற்றச்சாட்டு, யார் மீது, அல்லது குற்றச்சாட்டே இல்லையா என்பதை அவரே தீர்மானிப்பார். மேல் நீதிமன்றத்தில் அவர் சார்பில் அரச சட்டத்தரணி தோன்றுவார்.

ஆக, பாதிக்கப்பட்டவருக்கு இரண்டு வாயில்கள் திறந்துள்ளன: ஒன்று பொலிஸ் நிலையம், மற்றையது, சட்டத்தரணி மூலம் நேரடியாக நீதவான் நீதிமன்றம். மேல் நீதிமன்ற வாயிலின் திறப்பு சட்டமா அதிபரின் கையிலேயே உள்ளது.

5. இடையில் வரும் மத்தியஸ்த சபை

கிராமங்களில் இணக்க சபை என அழைக்கப்படும் மத்தியஸ்த சபைகள், 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்டவை. சாதாரண காயம் விளைவித்தல் போன்ற, அச்சட்டத்தின் அட்டவணையில் குறிப்பிடப்பட்ட குற்றங்களில், இணக்கம் காணப்படவில்லை என்ற சபையின் சான்றிதழ் இல்லாமல் வழக்கை நீதிமன்றத்தில் தொடங்க முடியாது. சட்டமா அதிபர் தொடுக்கும் வழக்குகளுக்கு இது பொருந்தாது.

ஒரு பிணக்கை மூன்று மத்தியஸ்தர்கள் விசாரிப்பர். இவர்கள் நீதிபதிகள் அல்லர். தண்டனை வழங்கவோ, சமாதானமாகும்படி கட்டாயப்படுத்தவோ இவர்களுக்கு அதிகாரமில்லை. இரு தரப்பினரையும் பேசவைத்து இணக்கம் காண உதவுவதே இவர்களின் பணி. "சபைக்குப் போனால் கட்டாயம் சமாதானமாக வேண்டும்" என்று பலர் நினைப்பது தவறு. நியாயமான தீர்வு கிடைக்கவில்லையெனில் "எனக்கு உடன்பாடில்லை" எனக் கூறிச் சான்றிதழைப் பெற்றுக்கொண்டு நீதிமன்றம் செல்லலாம்.

6. வழக்கைக் கைவிடக்கூடியவர் யார்?

இனி நமது பிரதான கேள்விக்கு வருவோம். இதற்கான விடை, விடயம் எந்தப் படியில் நிற்கின்றது என்பதைப் பொறுத்தது.

படி 1: பொலிஸ் முறைப்பாடு
முறைப்பாடு செய்தவர் "இனி எனக்கு இதில் விருப்பமில்லை" என மேலதிக வாக்குமூலம் ஒன்றைக் கொடுக்கலாம். ஆனால் முதலில் பதியப்பட்ட முறைப்பாடு அதனால் அழிந்துபோகாது. குற்றம் நடந்ததற்கு வேறு சாட்சியம் இருப்பின் பொலிஸார் தொடர்ந்து விசாரிக்கலாம்.

படி 2: மத்தியஸ்த சபை
இங்கு தரப்பினரின் விருப்பமே முதன்மையானது. இருவரும் மனமொத்து இணங்கினால் அச்சிறு குற்றம் தொடர்பான பிணக்கு அங்கேயே தீர்க்கப்படும்.

படி 3: நீதவான் நீதிமன்றம்
இங்கு இரண்டு வழிகள் உள்ளன.

முதலாவது, இணக்கமாகத் தீர்த்தல். சாதாரண காயம் விளைவித்தல் போன்று சட்டக்கோவையின் 266 ஆம் பிரிவின் கீழ் வரும் குற்றங்களை மட்டும் இவ்வாறு தீர்க்கலாம். அதற்கு இணங்க வேண்டியவர் காயப்பட்ட நபரே. அவர் 18 வயதுக்குட்பட்டவராயின், அவர் சார்பில் செயற்படத் தகுதியுள்ளவர் நீதிமன்றத்தின் அனுமதியுடன் இணங்கலாம். பட்டியலில் இல்லாத குற்றத்தை இவ்வாறு தீர்க்க முடியாது.

இரண்டாவது, வழக்கை மீளப் பெறுதல். தீர்ப்புக்கு முன்னர் முறைப்பாட்டாளர், அதாவது பொலிஸ் வழக்காயின் பொலிஸாரும் தனியார் வழக்காயின் அந்தத் தனியாளும், போதிய காரணம் காட்டி அனுமதி கேட்கலாம். நீதவான் திருப்தியடைந்தால் மட்டுமே அனுமதிப்பார். அதற்கான காரணத்தையும் அவர் பதிவு செய்தல் வேண்டும்.

இரண்டு வழிகளிலும் விளைவு ஒன்றே: எதிரி விடுதலை செய்யப்படுவார். விடுதலை செய்யப்பட்டவரை அதே குற்றத்துக்காக மீண்டும் விசாரிக்க முடியாது. "இப்போது சமாதானமாவோம், திரும்ப அடித்தால் இந்த வழக்கைத் திறப்போம்" என்பது நடவாது. மீண்டும் அடித்தால் அது புதிய குற்றம், புதிய வழக்கு. பழைய காயத்துக்கான வழக்கு முடிந்தது முடிந்ததே.

படி 4: மேல் நீதிமன்றம்
இங்கு வழக்கைத் தொடர்வதில்லை எனத் தீர்மானிக்கும் அதிகாரம் சட்டமா அதிபருக்குரியது. பாதிக்கப்பட்டவரின் கடிதத்தை அவர் கவனத்திற் கொள்ளலாம். ஆனால் அதற்குக் கட்டுப்பட்டவர் அல்லர். அதேவேளை, சட்டமா அதிபரின் தற்றுணிபு அதிகாரமும் எல்லையற்றதன்று. அது நீதிமன்றத்தின் மீளாய்வுக்கு உட்படக்கூடியது. பத்திரிகையாசிரியர் விக்டர் ஐவன் தாக்கல் செய்த வழக்கில் உயர் நீதிமன்றம் 1998 இல் இதனைத் தெளிவுபடுத்தியது.

படி 5: தீர்ப்பின் பின்னர்
இந்நிலையில் வழக்கைக் கைவிடுதல் என்ற பேச்சுக்கே இடமில்லை. குற்றவாளியாகக் காணப்பட்டவர் மேன்முறையீடு செய்யலாம். அரசியலமைப்பின் 34 ஆம் உறுப்புரையின் கீழ் மன்னிப்பு வழங்கும் அதிகாரம் சனாதிபதிக்கு உண்டு. மன்னிப்பு வேறு, வழக்கை மீளப் பெறுதல் வேறு என்பதை நினைவிற் கொள்க.

7. சாட்சி வராவிட்டால்?

"கடிதத்தில் கையொப்பமிடத் தேவையில்லை, நீதிமன்றத்துக்கு வராமல் விட்டால் போதும்" என்று சிலர் ஆலோசனை கூறுவர். தனியார் வழக்கில் முறைப்பாட்டாளர் தவணைக்கு வராவிட்டால் வழக்கு தோல்வியடையக்கூடும் என்பது உண்மை. ஆனால் பொலிஸ் வழக்கில் அழைப்பாணை கிடைத்த சாட்சி காரணமின்றி வராவிட்டால், அவருக்கு எதிராகவே பிடியாணை பிறப்பிக்கப்படலாம். அடித்தவர் வீட்டில் இருக்க, அடிவாங்கியவர் பொலிஸ் வாகனத்தில் நீதிமன்றம் செல்லும் நிலை ஏற்படும்.

"வந்து வேறு மாதிரிச் சொல்லிவிடு" என்பது இதனினும் ஆபத்தானது. சத்தியம் செய்து பொய்ச்சாட்சி கூறுவது தனியான குற்றமாகும். அதுபோலவே, பிறர் மீது பழிவாங்கப் பொய் முறைப்பாடு செய்வதும் குற்றமே. சட்டம் இரு பக்கமும் கூரானது.

8. அழுத்தம் கொடுப்பதும் குற்றமே

சமாதானமாவது தவறா? நிச்சயமாக இல்லை. அயலவர்கள், உறவினர்கள் தொடர்ந்து ஒரே ஊரில் வாழ வேண்டியவர்கள். மனதார மன்னிப்புக் கேட்டு, வைத்தியச் செலவை ஏற்று, பகையை முடித்துக்கொள்வது நல்லதே. அதற்காகத்தான் சட்டமே மத்தியஸ்த சபையையும் இணக்க வழியையும் ஏற்படுத்தியுள்ளது.

ஆனால் இணக்கம் வேறு, பயமுறுத்தல் வேறு. முறைப்பாடு செய்யாதே என்றோ, செய்த முறைப்பாட்டை மீளப் பெறு என்றோ பாதிக்கப்பட்டவரை அச்சுறுத்துவது தண்டனைக்குரிய குற்றமாகும். குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களையும் சாட்சிகளையும் பாதுகாப்பதற்கான சட்டம் முதலில் 2015 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டமாக வந்தது. அதன் இடத்தில் இப்போது 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டம் உள்ளது. அச்சுறுத்தப்படுபவர் பாதுகாப்புக் கோரலாம்.

குற்றவியல் வழக்கு ஏன் பாதிக்கப்பட்டவரின் கையில் மட்டும் விடப்படவில்லை என்பது இப்போது விளங்கும். அது அவரிடமிருந்து பறிக்கப்பட்ட உரிமை போலத் தோன்றலாம். உண்மையில் அது அவருக்கு ஒரு கவசம். "நான் நினைத்தாலும் வழக்கை நிறுத்த முடியாது, அது நீதிமன்றத்தின் கையில் உள்ளது" என்று ஓர் ஏழைத் தாய் கூறக்கூடியதாக இருப்பது, வாசலில் கூட்டமாக வந்து நிற்பவர்களின் பலத்தைக் குறைக்கின்றது. அவ்வாறில்லாவிட்டால் பணமும் ஆள்பலமும் உள்ளவர்கள் மீதான எந்த வழக்கும் நிலைக்காது.

வீட்டுக்குள் நடைபெறும் வன்முறைக்கும் இது பொருந்தும். "குடும்ப விடயம்" என்பதால் அடித்தது குற்றமாகாமற் போவதில்லை. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் பொலிஸ் அதிகாரியோ நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். அக்கட்டளை 12 மாதம் வரை விதிக்கப்படலாம். அது தண்டனையன்று, மேலும் வன்முறை நிகழாமல் தடுக்கும் கட்டளையாகும். தனியாகக் குற்றவியல் வழக்கு நடைபெறுவதை அது தடுக்காது.

9. சந்தர்ப்பங்களும் விளக்கமும்

சந்தர்ப்பம் 1: விளையாட்டு மைதானத்தில் ஏற்பட்ட வாக்குவாதத்தில் 'அ', 'ஆ'வின் கன்னத்தில் அறைந்தார். எலும்பு முறிவு எதுவுமில்லை. 'அ' வருந்தி மன்னிப்புக் கேட்கிறார்.
விளக்கம்: சாதாரண காயம். மத்தியஸ்த சபையில் தீர்க்கப்படலாம். வழக்காகியிருந்தால் 'ஆ'வின் இணக்கத்துடன் நீதிமன்றத்தில் முடிக்கலாம்.

சந்தர்ப்பம் 2: 'அ' கொலை செய்யும் நோக்குடன் 'ஆ'வைக் கத்தியால் குத்தினார் எனச் சட்டமா அதிபர் மேல் நீதிமன்றத்தில் குற்றம் சாட்டியுள்ளார். 'ஆ' குணமடைந்து, 'அ'வை மன்னிப்பதாகக் கடிதம் கொடுக்கிறார்.
விளக்கம்: கடிதத்தால் வழக்கு முடிவடையாது. தொடர்வதா இல்லையா என்பது சட்டமா அதிபரின் தீர்மானம்.

சந்தர்ப்பம் 3: 'ஆ'வின் முறைப்பாட்டின் மீது பொலிஸார் பல மாதங்களாக நடவடிக்கை எடுக்கவில்லை.
விளக்கம்: உயர் அதிகாரிகளிடமோ தேசிய பொலிஸ் ஆணைக்குழுவிடமோ முறையிடலாம். தேவையான இடத்து மத்தியஸ்த சபையின் சான்றிதழைப் பெற்று, தனியார் முறைப்பாட்டு வழக்கும் தொடரலாம்.

10. விடை எழுதும்போது தவிர்க்க வேண்டிய பிழைகள்

• "பொலிஸார் தண்டனை வழங்குவர்" என எழுதுதல். பொலிஸார் விசாரிப்பர், வழக்குத் தொடுப்பர். தண்டனை வழங்குவது நீதிமன்றம்.
• "மத்தியஸ்த சபை ஒரு நீதிமன்றம்" என எழுதுதல். அது பிணக்குத் தீர்க்கும் அமைப்பு, நீதிமன்றம் அன்று.
• சட்டமா அதிபரை நீதிபதி எனக் கருதுதல். அவர் அரசின் தலைமைச் சட்ட அலுவலர்.
• மேல் நீதிமன்றம், உயர் நீதிமன்றம் ஆகியவற்றை ஒன்றெனக் கருதுதல். உயர் நீதிமன்றமே நாட்டின் அதியுயர் நீதிமன்றமாகும்.
• சந்தேகநபரைக் "குற்றவாளி" எனக் குறிப்பிடுதல். நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் குற்றம் நிரூபிக்கப்படும்வரை அவர் சுற்றவாளியாகவே கருதப்படுவார்.

11. மாதிரி வினாவும் விடையும்

வினா: "தாக்குதல் வழக்கொன்றில் பாதிக்கப்பட்டவர் மன்னித்துவிட்டால் வழக்கு முடிவடையும்." இக்கூற்றை ஆராய்க.

விடை: இக்கூற்று முழுமையாக ஏற்கத்தக்கதன்று. குற்றம் என்பது தனியாளுக்கு மட்டுமன்றிச் சமூகத்துக்கும் எதிரானதாகையால், குற்றவியல் வழக்கைப் பெரும்பாலும் அரசே நடத்துகின்றது. சாதாரண காயம் விளைவித்தல் போன்ற சில சிறு குற்றங்களை மத்தியஸ்த சபையிலோ நீதவான் நீதிமன்றத்திலோ காயப்பட்டவரின் இணக்கத்துடன் தீர்க்கலாம். நீதவான் நீதிமன்றத்தில் வழக்கை மீளப் பெறுவதற்கு நீதவானின் அனுமதி அவசியம். மேல் நீதிமன்ற வழக்கைத் தொடர்வதில்லை எனத் தீர்மானிப்பவர் சட்டமா அதிபராவார். எனவே மன்னிப்பு ஒரு காரணியாக அமையலாமேயன்றி, அது மட்டுமே வழக்கை முடிவுறுத்தாது.

முடிவாக

அந்த மாணவிக்கு அன்று மூன்று விடயங்களைக் கூறினேன். ஒன்று, காயப்பட்டவர் 23 வயதான அண்ணன். அவருக்காக இணங்கும் அதிகாரம் அம்மாவுக்கு இல்லை. ஆகவே அம்மாவின் கையொப்பத்தால் வழக்கு முடிவடையாது. இரண்டு, எலும்பு முறிந்துள்ளதால் சட்டத்தின் பார்வையில் அது பாரதூரமான காயம். பொலிஸார் தொடுத்த வழக்கு நீதிமன்றத்தில் உள்ளது. அண்ணனே கையொப்பமிட்டாலும், நீதவானின் கட்டளையின்றி வீட்டு வாசலில் வைத்து அதனை முடிக்க முடியாது. மூன்று, சமாதானம் பேச விரும்பினால் சட்டத்தரணி ஒருவரின் ஆலோசனையுடன் நீதிமன்றத்தில் பேசலாம்; மிரட்டினால் அதையும் பொலிஸில் முறையிடலாம்.

"அப்ப அம்மா கையெழுத்து வைக்கத் தேவையில்லையா சேர்?" என்று மீண்டும் கேட்டாள். "தேவையில்லை. இது கோட்டில இருக்கிற விசயம் எண்டு சொல்லச் சொல்லு" என்றேன். அடுத்த வகுப்புக்கு வந்தபோது, அம்மா அப்படியே சொன்னதாகவும், வந்தவர்கள் கடிதத்தை மடித்துக்கொண்டு போனதாகவும் கூறினாள்.

நினைவிற் கொள்க:
முறைப்பாடு செய்யலாம் – எவரும்.
வழக்குத் தொடங்கலாம் – பொலிஸார், தனியாள், நீதவான், சட்டமா அதிபர்.
இணங்கலாம் – சிறு குற்றங்களில், காயப்பட்டவர்.
மீளப்பெற அனுமதிக்கலாம் – நீதவான்.
மேல் நீதிமன்றத்தில் தொடராது விடலாம் – சட்டமா அதிபர்.

இவ்வைந்து வரிகளையும் மனனம் செய்வதுடன் நின்றுவிடாது, ஒவ்வொன்றுக்குமான காரணத்தையும் விளங்கிக்கொள்ளுங்கள். காரணம் விளங்கினால் வினா எந்த வடிவத்தில் வந்தாலும் விடை எழுதலாம்.